பெத்தம்மாளுக்குள் குடியிருந்த காய்ச்சல்

மலாயாவில், மலாக்காவை அடுத்த ஜாசின் பட்டணத்தில் தம்புசாமியின் சாப்பாட்டுக் கடைக்குப் போகிறவர்கள் யாரும் தம்புசாமிக்காகப் போகவில்லை. அவர் கல்லாவில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பின்னால் சமையல்கட்டில் பெத்தம்மாள் நின்றாள். கோர்ட்டுக் குமாஸ்தாக்கள், பஸ் டிரைவர்கள், தோட்டங்களிலிருந்து சாமான் வாங்க வரும் கங்காணிகள் எல்லாரும் அவள் கைச் சாப்பாட்டுக்காகக் கடை வாசலில் கூரை போட்ட அஞ்சடி நடைபாதையில் காத்து நின்றார்கள்.

கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், கொதிக்கக் கொதிக்க ரசம். எல்லாம் முடிந்ததும் ஒரு குவளை மோர். இஞ்சியும் பச்சை மிளகாயும் தட்டிப் போட்டு, கறிவேப்பிலையைக் கசக்கி, உப்புப் போட்டுக் கையாலேயே கலக்குவாள். கரண்டி போட்டால் அந்த ருசி வராது என்பது அவள் கட்சி. வெயில் காலத்தில் சாப்பிடாமல் மோர் மட்டும் குடித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. 1933-ஆம் ஆண்டில் ஜாசினில் அந்த மோருக்கு அப்படி ஒரு பேர் இருந்தது.

பெத்தம்மாள் சேலம் ஜில்லாக்காரி. பெரிய யுத்தம் முடிந்த கையோடு, கல்யாணமான புதிதில், புருஷன் சுப்பனோடு கப்பலேறி வந்தவள். அலோர் காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருவருக்கும் வேலை கிடைத்தது. வந்த வருஷமே அவளுக்குக் கடும் காய்ச்சல் கண்டது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் பிதற்றிக்கொண்டு கிடந்தாள். தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. இனி பிழைக்கமாட்டாள் என்று மற்றவர்கள் முடிவு கட்டிய பிறகு ஒருநாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை.

அந்தத் தோட்டத்தில் குடும்பமில்லாத ஆண்கள் நிறைய. காட்டு வேலை முடிந்து வந்து பொங்கித் தின்ன அவர்களுக்குத் தெம்பு இருக்காது. பெத்தம்மாள் அவர்களுக்குச் சமைத்துப் போட்டாள். கூலிகள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் அவ்வப்போது யாராவது காய்ச்சலில் விழுந்தார்கள். தோட்டமென்றால் காய்ச்சல் இருக்கத்தான் செய்யும் என்று எல்லாரும் நினைத்த காலம் அது. மலேரியாவா, வேறு ஏதாவதா என்று யார் பிரித்துப் பார்த்தார்கள்? அப்படி ஒரு காய்ச்சலில்தான் சுப்பனும் போனான். பிள்ளை குட்டி இல்லை.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்கள் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பின. பெத்தம்மாள் போக மறுத்தாள். "அங்க எனக்கு யாரு இருக்கா? செத்தாலும் இங்கயே சாவறேன்" என்று சொல்லிவிட்டு, துணி மூட்டையோடு ஜாசினுக்கு நடந்து வந்தாள். தம்புசாமியின் மனைவி மீனம்மா அவளைச் சமையல்கட்டில் சேர்த்துக்கொண்டாள். அக்கா, அக்கா என்று கூப்பிட்டு, தன் மகள் கோமளாவை அவள் இடுப்பில் ஏற்றிவிட்டாள்.

1933-இல் மழை தள்ளிப்போய் வெயில் கொளுத்திய மாதங்களில் ஜாசினுக்குள் அந்தக் காய்ச்சல் வந்தது. முதலில் ஒரு பஸ் டிரைவர் படுத்தார். அப்புறம் ஒரு வாத்தியார். தலை வெடிக்கிற வலி, நாளுக்கு நாள் ஏறுகிற சூடு, வயிறு உப்புசம், பிதற்றல். கோர்ட்டில் வேலை பார்த்த தனபாலன் என்ற வாலிபன், பெண் பார்த்து முடிவாகியிருந்த சமயம், ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். அந்த வாரமே மீனம்மாவின் கோமளாவுக்கு உடம்பு சுட்டது. டைபாய்டு என்றார் டாக்டர்.

சுகாதார இன்ஸ்பெக்டர் காளிதாஸ் அப்போதுதான் மாற்றலாகி ஜாசினுக்கு வந்திருந்தார். இளவயது. சிங்கப்பூரில் படித்துப் பரீட்சை எழுதியவர். சைக்கிளில் வீடு வீடாகப் போய், படுத்திருப்பவர்கள் எங்கே சாப்பிட்டார்கள், எந்தக் கிணற்றில் குடித்தார்கள் என்று விசாரித்தார். கிணறுகளில் மருந்து போட்டார். சாக்கடைகளைத் திறந்து பார்த்தார். விசாரித்துப் பார்த்ததில் ஒரு விஷயம் தெரிந்தது. காய்ச்சல் கண்டவர்கள் எல்லாருமே தம்புசாமி கடையில் மோர் குடித்தவர்கள். மோருக்குப் பால் ஊற்றியவர் வீராசாமி.

இந்தச் செய்தி இன்ஸ்பெக்டர் வாயிலிருந்து வருவதற்கு முன்னாலேயே பட்டணத்துக்குத் தெரிந்துவிட்டது. வீராசாமி கோர்ட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு நாலைந்து மாடு வைத்திருந்தவர். காலையில் பால் பாத்திரத்தோடு வந்தவரைப் பாசார்க் கடைத்தெரு முனையில் மறித்து, பாத்திரத்தைக் கவிழ்த்தார்கள். "எச்சத் தண்ணி கலந்து ஊர கொன்னுட்டியேடா" என்று ஒருவன் அடிக்கவும் போனான். பரிசோதனை முடியும்வரை பால் விற்க வேண்டாம் என்று காளிதாஸும் சொல்ல வேண்டியதாயிற்று.

கடைக்கு வந்த காளிதாஸ் சமையல்கட்டில் வேலை செய்கிற எல்லாரையும் கேட்டார். பெத்தம்மாளிடமும் கேட்டார்.

"உங்களுக்கு எப்பவாவது இந்த மாதிரி நீளமான காய்ச்சல் வந்திருக்கா அம்மா?"

"இல்லீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சின்ன வயசுலகூட?"

"ஒண்ணும் வந்ததில்லீங்கய்யா."

அவள் வேண்டுமென்றேதான் பொய் சொன்னாள். நோய்க்காரி என்று பேர் வந்தால் கடையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். தோட்டம் போன பிறகு அவளுக்கு இருந்த ஒரே இடம் இதுதான். எப்போதோ வந்து போன காய்ச்சலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றும் தோன்றியது.

மறுநாள் வீராசாமி கடையின் பின்பக்கம் வந்து நின்றார். சவரம் செய்யாத முகம். உள்ளே வரத் தயங்கினார்.

"என்னண்ணே, இப்படி ஆயிட்டீங்க?"

"மாட்டுக்கு மடி கட்டுது அக்கா. கறந்து மண்ணுல ஊத்திட்டு வரேன். வீட்டுல அவ அழுவுறா." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "நீங்க ஒரு ஒத்தாசை செய்யணும். எங்கிட்ட பால் வாங்கி மோர் கரைக்கிறது நீங்க. தினமும் நீங்களும் ருசி பாக்குறீங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே. அதை அந்த இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லுவீங்களா?"

"சொல்றேன்ண்ணே" என்றாள் பெத்தம்மாள்.

அவர் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே என்ற சொல் அவளை விடவில்லை. இங்கே மட்டுமா ஆகவில்லை? அலோர் காஜா லயத்தில் அவள் சோறு போட்ட ஆண்கள் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். அவளுக்கு ஆகவில்லை. சுப்பன் போனான். அவளுக்கு ஆகவில்லை. உள்ளே கோமளா முனகுகிற சத்தம் கேட்டது. பெத்தம்மாள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுத்தமான கைகள்தான். அன்றைக்கு மோர் கரைக்கவில்லை. கேட்டவர்களுக்குத் தயிர் உறையவில்லை என்று சொன்னாள்.

காலையில் ஆபீஸ் திறந்ததும் காளிதாஸின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, முந்தாநாள் நான் பொய் சொன்னேன். எனக்கு அந்தக் காய்ச்சல் வந்திருக்கு. இந்த நாட்டுக்கு வந்த புதுசுல, தோட்டத்துல. சாவக் கிடந்தேன்."

காளிதாஸ் எழுந்து அவளுக்கு நாற்காலி போட்டார். அவள் உட்காரவில்லை. தோட்டத்தில் நடந்ததையும் சொன்னாள். சுப்பனைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது. காளிதாஸ் குறுக்கே பேசாமல் கேட்டார். அவருக்கும் சில நாட்களாக ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டிருந்தது. வீராசாமியிடம் பால் வாங்கிய வீடுகளில் காய்ச்சல் இல்லை. தம்புசாமி கடையில் சோறும் ரசமும் மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் இல்லை. பாலைக் காய்ச்சித்தான் உறை ஊற்றுகிறார்கள். அப்படியானால் காய்ச்சிய பிறகுதான் ஏதோ உள்ளே போயிருக்க வேண்டும்.

"சொல்லவே வந்தீங்களே, அது பெரிய விஷயம் அம்மா" என்றார். பிறகு சங்கடத்தோடு, "சோதிச்சுப் பாக்கணும். அதுக்கு உங்க மலம் கொஞ்சம் வேணும். பல தடவை எடுக்க வேண்டியிருக்கும். மலாக்காவுக்கு அனுப்பிப் பாப்பாங்க" என்றார்.

அவள் முகம் சிவந்தது. ஒரு ஆம்பளையிடம், அதுவும் இந்த வயசுப் பையனிடம், இப்படி ஒரு பேச்சு.

"டப்பாவ குடுங்க" என்றாள்.

முடிவு வரும்வரை சமையல்கட்டுக்குள் நுழையக் கூடாது என்றார் காளிதாஸ். உடம்பு சரியில்லை என்று மீனம்மாவிடம் சொல்லிவிட்டு அவள் கொல்லைப்புறத்து அறையில் இருந்துகொண்டாள். காளிதாஸ் முடிவைச் சொல்ல நேரில் வந்தார். கிருமி இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இருந்தது.

"எனக்குக் காட்டுவாங்களா?" என்று கேட்டாள் பெத்தம்மாள்.

"எதை?"

"அதத்தான். எனக்குள்ள இருக்குன்னு சொல்றீங்களே. நான் பாக்கணும். பாக்காம என்னால நம்ப முடியாதுங்க."

இப்படிக் கேட்டவர்களைக் காளிதாஸ் அதுவரை பார்த்ததில்லை. மலாக்காவில் பேசி அனுமதி வாங்கினார். இருவரும் பஸ்ஸில் போனார்கள். சாலையின் இரு பக்கமும் ரப்பர் மரங்கள் பால் வெட்டப்படாமல் புதர் மண்டிக் கிடந்தன. வழியெல்லாம் அவள் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கு மட்டும்தான் இப்படியா? கிருமி என்றால் பேன் மாதிரியா, புழு மாதிரியா?

"உங்களுக்கு மட்டுமில்லம்மா. உலகம் பூரா இருக்காங்க" என்றார் காளிதாஸ். "இந்தக் காய்ச்சல் ராஜாக்களையே கவுத்திருக்கு. தென்னாப்பிரிக்காவுல வெள்ளைக்காரன் சண்டை போட்டானே, அங்க குண்டு பட்டுச் செத்த சிப்பாய்ங்கள விட இந்த மாதிரி நோய்ல செத்தவங்கதான் அதிகம். முன்னெல்லாம் எதனால சாவுறோம்னே யாருக்கும் தெரியாது. கெட்ட காத்து, கெட்ட நாத்தம்னு சொல்லிக்கிட்டு இருந்தாங்க. பெருசாக் காட்டுற கண்ணாடி வெச்சுப் பாக்கக் கத்துக்கிட்டது இப்பத்தான், எங்க தாத்தா காலத்துல."

பரிசோதனைச் சாலையில் வெள்ளை அங்கி போட்ட ஒருவர் முதலில் ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினார். மங்கிய சிவப்பில் ஏதோ கூழ் உறைந்திருந்தது. அதன்மேல் பனித்துளி தெறித்தாற்போலச் சின்னச் சின்னப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் லட்சக்கணக்கான கிருமிகளின் கூட்டம் என்றார் அவர். தொடக் கூடாது என்றும் எச்சரித்தார். பிறகு மைக்ராஸ்கோப்பின் முன்னால் முக்காலி போட்டு அவளை உட்கார வைத்தார்கள்.

முதலில் அவளுக்குத் தன் கண்ணிமை முடிதான் தெரிந்தது. காளிதாஸ் எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக் கொடுத்தார். ஒரு கண்ணை மூடி, மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடியும் குனிந்தாள். வெளிச்ச வட்டத்துக்குள் சீரகத்தை ஆயிரம் பங்காக நறுக்கிப் போட்டாற்போலச் சின்னச் சின்னக் குச்சிகள். அவை சும்மா கிடக்கவில்லை. நெளிந்தன, புரண்டன, திடீரென்று ஒன்று வட்டத்தின் குறுக்கே நீந்திப் போய் மறைந்தது.

"உசுரோட இருக்கு" என்றாள்.

"ஆமாம்மா."

"இதா என் வயித்துல இருக்கு?"

"பித்தப்பையில தங்கியிருக்கும்னு டாக்டர்ங்க சொல்றாங்க. உங்க உடம்பு அதோட சண்டை போட்டு ஜெயிச்சிருச்சு. ஆனா துரத்தல. அது ஒரு மூலையில இருந்துக்கிச்சு. உங்கள ஒண்ணும் பண்ணாது. வெளியில வரப்ப கையில ஒட்டும். கண்ணுக்குத் தெரியாது. சும்மா தண்ணியில அலசுனா போகாது."

அவள் மறுபடியும் குனிந்து நெடுநேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது, "சூடான சோத்துல ஏன் வரல?" என்று கேட்டாள்.

"கொதிச்சா செத்துரும். மோர் கொதிக்கிறதில்லையே."

"பால தயிராக்குறதும் இந்த மாதிரி உசுருதானா?"

காளிதாஸ் திகைத்தார். "ஆமாம்மா. அது வேற ஜாதி. நல்லது பண்ற ஜாதி. தோசை மாவு புளிக்கிறது, கள்ளு பொங்குறது எல்லாம் அதுங்க வேலைதான். கோடிக்கணக்குல இருக்கு, அதுல கொஞ்சம்தான் நமக்குக் கெடுதி."

"எனக்குப் புரியுதுங்க" என்றாள் பெத்தம்மாள் மெதுவாக. "சட்டியில ஒரு துளி பழைய தயிர் ஒட்டியிருந்தா போதும், அடுத்த நாள் ஊத்துற பாலெல்லாம் தயிராயிடும். நான்தான் அந்தச் சட்டி."

வெளியே மரத்தடியில் வந்து உட்கார்ந்த பிறகு அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். காளிதாஸ் அதை எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"அப்ப என் புருஷன்?"

"தெரியாதும்மா. அன்னைக்கு யாரும் சோதிச்சுப் பாக்கல."

"தெரியாதுன்னு சொல்றீங்க. இல்லைன்னு சொல்லலியே."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். காளிதாஸ் சற்றுத் தள்ளி நின்றுகொண்டார். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கு மருந்து உண்டா?" என்றாள். மருந்து கிடையாது. வயிற்றை அறுத்துப் பித்தப்பையை எடுக்கலாம், ஆனால் உயிருக்கே ஆபத்து, எடுத்தாலும் போய்விடும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் அவர். கொஞ்சம் யோசித்து வேண்டாம் என்றாள்.

திரும்பி வரும்போது காளிதாஸ் ஒரு வழி சொன்னார். அவள் பேர் வெளியே வர வேண்டிய அவசியமில்லை. உடம்பு முடியாமல் வேலையை விட்டுவிட்டாள் என்று சொல்லிக்கொள்ளலாம். பால் சுத்தம் என்று ஆபீசிலிருந்து ஓர் அறிவிப்பு ஒட்டலாம்.

"ஒட்டுனா நம்புவாங்களா?" என்றாள் அவள். "அறிவிப்ப யாரு படிக்கிறா? வீராசாமி அண்ணன் பாத்திரத்த கவுத்தவனுங்களுக்கு எழுத்து தெரியாது. நானே சொல்றேன்."

மத்தியானக் கூட்டம் நிறைந்திருந்த நேரத்தில் பெத்தம்மாள் கடைக்குள் போய் நின்று சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. வீராசாமி பாலில் ஒன்றுமில்லை. காய்ச்சல் என் கையிலிருந்து மோருக்குப் போயிருக்கிறது. எனக்கே தெரியாமல் எனக்குள் இருந்திருக்கிறது. இன்றைக்கு என் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன். இனிமேல் யாருக்கும் சமைக்க மாட்டேன்.

ஒரேயடியாக எல்லாரும் பேசினார்கள். ஒருவர் சோற்றை அப்படியே விட்டு எழுந்து போய் வாயில் விரல் விட்டு வாந்தி எடுத்தார். தம்புசாமி கல்லாவை விட்டு எழுந்து, "என் கடைய கெடுத்துட்டியே" என்று கத்தினார். உள்ளேயிருந்து ஓடிவந்த மீனம்மா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எம்புள்ளைய இடுப்புல வெச்சுக்கிட்டுச் சுத்துனியேடி! ஊட்டி விட்டியேடி!" பெத்தம்மாள் கையை எடுக்கச் சொல்லவில்லை. மீனம்மா அழுது ஓய்கிறவரை நின்றாள்.

அன்று மாலையே தனபாலனின் தாய் வந்தாள். காளியம்மா என்று பேர். எல்லாரும் அவள் அடிப்பாள் என்று நினைத்தார்கள். அவள் பெத்தம்மாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தெரிஞ்சு செஞ்சியா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லீங்க."

"இன்ஸ்பெக்டர் கேட்டப்ப ஏன் இல்லைன்ன?"

"வேலை போயிடும்னு பயந்தேன். அது தப்பு. அதுக்கு நீங்க என்ன பண்ணினாலும் சரி."

காளியம்மா ஒன்றும் பண்ணவில்லை. திரும்பிப் போய்விட்டாள். அந்த மௌனம் மீனம்மாவின் ஏச்சைவிடப் பாரமாக இருந்தது என்று பெத்தம்மாள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறாள்.

கோமளா பிழைத்துக்கொண்டாள். அந்தப் பருவத்தில் அதற்கு மேல் யாரும் படுக்கவில்லை. வீராசாமியின் பால் பரிசோதனையிலும் சுத்தமென்று வந்தது. பழைய வீடுகள் ஒவ்வொன்றாக அவரைக் கூப்பிட்டன. அவர் மட்டும்தான் பெத்தம்மாளைத் தேடி வந்து, "எனக்காக உங்க சோத்துல மண்ணப் போட்டுக்கிட்டீங்களே அக்கா" என்று கண்கலங்கினார். வேலை தேடித் தருவதாகக் காளிதாஸ் சொன்னார். அவளே தேடிக்கொண்டாள்.

அடுத்த வருஷம் ரப்பர் விலை கொஞ்சம் நிமிர்ந்தது. சுங்கை ரம்பாய் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்ட ஆள் எடுத்தார்கள். பெத்தம்மாள் போய்ப் பேர் கொடுக்கும்போதே கங்காணி தங்கராஜுவிடம் தன் கதையைச் சொல்லிவிட்டாள். தங்கராஜு தலையைச் சொறிந்தார்.

"மரத்துக்குக் காய்ச்சல் வராதுல்ல?"

"வராதுங்க."

"அப்ப வேலைக்கு வா. நமக்கு மரம் வெட்டத்தான் ஆள் வேணும்."

லயத்தின் கடைசி வீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். தனக்கென்று கக்கூஸ், தனக்கென்று தண்ணீர்க் குடம். சவுக்காரக் கட்டியைத் தேங்காய்ச் சிரட்டையில் வைத்து வாசலில் கட்டித் தொங்கவிட்டாள். கக்கூஸ் போய் வந்தால் முழங்கை வரை தேய்த்துக் கழுவுவாள். யார் வீட்டுப் பிள்ளையாவது பசிக்கிறதென்று வந்தால் சீல் உடைக்காத பிஸ்கோத்து டின்னைக் கையில் கொடுத்து, "உங்கம்மாகிட்ட தொறக்கச் சொல்லு" என்பாள். பத்து வயசிலிருந்து அடுப்படியில் வளர்ந்தவளுக்கு யாருக்கும் சமைத்துப் போடாமல் இருப்பது எவ்வளவு கஷ்டமென்று அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. பக்கத்து வீட்டில் தாளிக்கும் வாசனை வந்தால் மட்டும் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிடுவாளாம்.

ஆனால் சமையலை அவளிடமிருந்து யாராலும் முழுசாகப் பிரிக்க முடியவில்லை. மாரியம்மன் திருவிழா வந்தது. அன்னதானத்துக்குப் பெண்கள் கூடிச் சமைத்தார்கள். பெத்தம்மாள் வேலிக்கு வெளியே ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்தாள். அங்கிருந்தபடியே வாசனை பிடித்து, "சாந்தி, புளி பச்சையா நிக்குது, இன்னும் கொதிக்கட்டும்!" என்று குரல் கொடுத்தாள். "அடியே, பருப்ப கடையாம போடாத!" முதலில் பெண்கள் சிரித்தார்கள். சாப்பாட்டை ருசித்த பிறகு சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் எந்தக் கல்யாணமானாலும் பந்தலுக்குப் பக்கத்தில், பாத்திரங்களுக்கு எட்டாத தூரத்தில், பெத்தம்மாளுக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். சமைக்க வருகிற ஒவ்வொருத்தியும் தன் கண்முன்னால் சவுக்காரம் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் கரண்டியைத் தொட வேண்டும். "எனக்கு இருக்கு, எனக்குத் தெரியும். உனக்கு இருக்கான்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்பாள். கழுவினார்கள்.

1936-இல் ஆற்றங்கரைக் கம்போங் கிராமம் ஒன்றில் டைபாய்டு கண்டது. காளிதாஸ் ஊசி போட ஆட்களோடு தோட்டத்துக்கு வந்தார். விடியும் நேரம், பெரட்டுக் களத்தில் எல்லாரும் வேலைக்குப் பேர் கொடுக்க நின்றிருந்தார்கள். ஊசி என்றதும் கூட்டம் பின்வாங்கியது. ஊசி போட்டால் ஆண்மை போகும் என்றான் ஒருவன். காய்ச்சலையே உடம்பில் ஏற்றுகிறார்கள் என்றாள் ஒருத்தி. முந்தின தோட்டத்தில் ஊசி போட்டவனுக்குக் கை வீங்கியது உண்மைதான் என்று தங்கராஜுவே முணுமுணுத்தார்.

பெத்தம்மாள் வரிசையிலிருந்து முன்னால் வந்தாள். தோட்டத்தில் பழைய ஆட்களுக்குத்தான் அவள் கதை தெரியும். புதிதாக வந்த குடும்பங்கள் அவளை, தள்ளி உட்கார்ந்து சமையலுக்குக் குரல் கொடுக்கிற வெறும் வாய்க்காரியாகத்தான் அறிந்திருந்தன.

"கை வீங்கும். ரெண்டு நாள் உடம்பு வலிக்கும்" என்றாள். "அது நெசம்தான். அந்தம்மா சொன்னதும் ஒரு விதத்துல நெசம். செத்த கிருமியத்தான் ஏத்துறாங்க. உயிரோட வர்றத உடம்பு அடையாளம் கண்டுக்கணும்ல, அதுக்கு. நான் உயிரோட இருக்கறத பாத்திருக்கேன். எனக்குள்ள இருந்து எடுத்ததத்தான் காட்டினாங்க."

பிறகு முழுவதையும் சொன்னாள். மோரை, தனபாலனை, சுப்பனை. பேச்சு முடியும் முன்பே ஒரு புதுப்பெண் தன் பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். பெத்தம்மாள் அதைப் பார்த்தாள். பார்த்தும் நிறுத்தவில்லை.

"இந்த ஊசி அன்னைக்கு அந்தப் பையனுக்குப் போட்டிருந்தா ஒருவேளை உசுரோட இருந்திருப்பான். அவங்கம்மா கேட்ட கேள்விய நான் இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கேன். உங்கள யாரும் அப்படிக் கேக்க வேணாம். வந்து போட்டுக்குங்க."

முதலில் வந்தது சாந்தி. அவள் புருஷன் முறைத்துவிட்டு அவள் பின்னால் வந்தான். வெயில் ஏறும்போது வரிசை களத்தைச் சுற்றி வளைந்திருந்தது. சிலர் கடைசிவரை வரவில்லை. அந்தப் புதுப்பெண் பிள்ளைக்குப் போட்டுக்கொண்டாள், ஆனால் அதற்குப் பிறகு பல மாதம் பெத்தம்மாள் வீட்டு வாசல் பக்கம் போகவில்லை. பெத்தம்மாள் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. அந்த வருஷம் அந்தத் தோட்டத்தில் டைபாய்டு வரவில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை காளிதாஸ் டப்பா கொண்டுவந்து வாங்கிப் போவார். முடிவு வந்ததும் சைக்கிளில் வருவார். "இருக்கா தம்பி?" என்பாள். ஐயா என்ற அழைப்பு எப்போதோ தம்பியாகிவிட்டிருந்தது. "இருக்கும்மா" என்பார். "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு அவருக்குக் குடிக்க இளநீர் வெட்டச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுவாள்.

1938-இல் காளிதாஸ் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அவர் இடத்துக்குப் பாலகிருஷ்ணன் என்பவர் வந்தார். வேலையில் சேர்ந்த இரண்டாம் வாரம், ஜாசின் ஆபீசில் அவர் மேஜைக்கு முன்னால் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண் வந்து நின்றாள். என்ன வேண்டுமென்று கேட்டார்.

"ஒண்ணும் வேணாங்க. நான் பெத்தம்மாள். சுங்கை ரம்பாய்ப் பக்கம் தோட்டத்துல பால் வெட்டுறேன். என்னப் பத்தி நீங்க தெரிஞ்சுக்கணும். அதான் பஸ் ஏறி வந்தேன்" என்று சொல்லிவிட்டு, அவர் காட்டிய நாற்காலியில் இந்த முறை உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.